உள்ளே இருந்தபடியே டிகிரி: எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வரும் கேள்விகள்

காரைக்குடியில் கல்லூரிச் சாலைப் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. தொலைதூரக் கல்விக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதில்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. சில வருஷத்துக்கு முன்னால் கல்லல் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருத்தர், கூட்டம் குறைகிறவரை ஓரமாகவே நின்றிருந்துவிட்டு, "தம்பி, உள்ள இருக்குறவுகளும் இதுல சேரலாமாமே, நெசமா?" என்று கேட்டார். உள்ளே என்றால் சிறையில். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அப்புறம் நாலு பேருக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா யாரிடம் சொன்னாரோ, தேவகோட்டை, திருப்பத்தூர், காளையார்கோவில் என்று இப்போது மாதம் ஒருவராவது வந்துவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை, சிறைத்துறை ஆளும் இல்லை. ஃபாரம் நிரப்புகிறவன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நிஜமாகவே சிறையில் இருந்து டிகிரி வாங்க முடியுமா?

முடியும், இது புதிய விஷயமும் இல்லை. இக்னோ என்று சொல்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கியது. 1994இல் டெல்லி திகார் சிறைக்குள்ளேயே ஒரு படிப்பு மையம் வைத்தார்கள். இன்று நாடு முழுக்கப் பல சிறைகளில் அப்படி மையங்கள் இருக்கின்றன. நம் மாநிலத்தில் 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மத்திய சிறைகளில் படிப்பு நடத்துகிறது. நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிய நான் சொல்கிற உதாரணம் பேரறிவாளன். 2012இல் வேலூர் சிறையில் இருந்தபடி பிளஸ் டூ எழுதி 1200க்கு 1096 வாங்கினார். வெளியே டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று ஓடுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மார்க்கைத் தொட்டிருப்பார்கள்?

தண்டனை ஆனவர்கள்தான் சேரலாமா? என் மகன் இன்னும் ரிமாண்டில் இருக்கிறான்.

விசாரணைக் கைதியும் சேரலாம். சேரத்தான் வேண்டும் என்பேன், ஏனென்றால் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருஷக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை.

ஆனால் ரிமாண்டில் ஒரு சங்கடம். எப்போது ஜாமீன் வரும், எப்போது வேறு சிறைக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது. கிளைச்சிறையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வாய்தா பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம் மூன்று வருஷ டிகிரி பற்றிப் பேசினால் அவர் முறைக்கத்தான் செய்வார். அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். மத்திய சிறைக்குப் போய், வழக்கு இழுக்கும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் டிகிரி பற்றி யோசிக்கலாம்.

காரைக்குடியிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கேயே சேர்த்துவிடலாமே?

இதைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த ஊர் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் உண்டாக்கியவரும் செட்டிநாட்டு ராஜாதான். படிப்பென்றால் நம் பக்கம் ஒரு கர்வம் உண்டு.

ஆனால் இந்த விஷயத்தில் ஊர்ப்பாசம் உதவாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் இருக்கிற சிறைக்குள் எந்தப் பல்கலைக்கழகம் பரீட்சை நடத்துகிறது? உள்ளேயே மையம் இருந்தால் அவர் செல்லிலிருந்து நடந்துபோய் எழுதிவிட்டு வந்துவிடுவார். இல்லையென்றால் ஒவ்வொரு பேப்பருக்கும் வழிக்காவல் போலீஸ் வேண்டும், அனுமதி வேண்டும், அன்றைக்கு ஊரில் பந்தோபஸ்து வேலை வந்து போலீஸ் இல்லை என்றால் அந்தப் பேப்பர் போச்சு. ஆகவே முதலில் சிறையின் நலவாழ்வு அலுவலரிடம் அல்லது சிறை ஆசிரியரிடம் கேளுங்கள், அப்புறம் பல்கலைக்கழகத்தை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று மொழி. இக்னோவின் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. நம் பிள்ளை தமிழ் வழியில் படித்தவன் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் தோது. ஆங்கிலம் கொஞ்சம் வரும், கற்றுக்கொள்ளவும் ஆசை என்றால் இக்னோ நல்லது. வீம்புக்கு ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டு முதல் புத்தகத்திலேயே மனம் விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர் பத்தாவதே முடிக்கவில்லை. நேராக டிகிரியில் போட்டுவிடலாம் என்று ஒருத்தர் சொல்கிறாரே?

தயவுசெய்து வேண்டாம். இதில் ஏமாந்தவர்கள் நிறைய. வயதை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிப் படிப்பு இல்லாமல் நேரடியாகப் பட்டம் தருகிற வழி முன்பு இருந்தது. அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009இல் ஆணை போட்டுவிட்டது. பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி. இந்த வரிசை கலையக் கூடாது.

எட்டாவது, பத்தாவது, பிளஸ் டூ எல்லாவற்றையும் சிறையில் இருந்தே தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் போகலாம். எழுதப் படிக்கவே தெரியாதவர் என்றாலும் உள்ளே எழுத்தறிவு வகுப்பு உண்டு. ஐநா 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 104ஆவது விதி, எழுத்தறிவில்லாதவர்களுக்கும் இளவயதுக் கைதிகளுக்கும் கல்வி கட்டாயம் என்றே சொல்கிறது. மண்டேலாவும் ராபன் தீவுச் சிறையில் இருந்தபடி தபால் வழியில் சட்டம் படித்தவர்தான்.

என்ன படிப்பெல்லாம் இருக்கிறது? வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்கிறான்.

உள்ளே போகிறவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் ஆசை வந்துவிடும், தன் கேஸைத் தானே படித்துப் படித்து. ஆனால் சட்டம், இன்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங் எதையும் தொலைதூரத்தில் படிக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. பி.ஏ., பி.காம்., எம்.ஏ., சமூகப்பணி, நூலக அறிவியல், கணினிப் பயன்பாடு, உணவு, சத்துணவு, சுற்றுலா மாதிரி சான்றிதழ்ப் படிப்புகள் என்று மற்றவை இருக்கின்றன. கணினிப் படிப்பில் சேருமுன் உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறதா, செய்முறை யார் நடத்துவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீல் ஆசை விடவில்லை என்றால் இப்போது ஒரு டிகிரி முடித்துவிட்டு, வெளியே வந்ததும் மூன்று வருஷச் சட்டப் படிப்பில் சேரட்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. ஆனால் விடுதலையாகி 2 வருஷம் ஆனால் அந்தத் தடை நீங்கிவிடும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டப் படிப்பே மூன்று வருஷம் என்பதால் அந்த இரண்டு வருஷம் அதிலேயே கழிந்துவிடும்.

எவ்வளவு செலவாகும்?

இக்னோ சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. மற்ற இடங்களில் சலுகையை விண்ணப்பத்தோடு எழுதிக் கேட்க வேண்டும், தானாக வராது. உங்களுக்கு ஆகப்போகிற செலவு பஸ் காசும் அலைச்சலும்தான். காரைக்குடியிலிருந்து மத்திய சிறை இருக்கிற மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் இறங்கி, அரப்பாளையம் பக்கம் டவுன் பஸ் பிடித்து, சந்திக்க மனு போட்டுக் காத்திருந்து பார்த்துவிட்டு வீடு திரும்ப இருட்டிவிடும். அன்றைக்குக் கூலி கிடையாது.

"நான் சேர்த்துவிடுகிறேன், பத்தாயிரம் கொடுங்கள்" என்று சொல்கிற ஆளிடம் போகாதீர்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், போட்டோ, ஆதார். இது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத ஒன்று செல்போன் நம்பர். 2024இலிருந்து தொலைதூரப் படிப்பில் சேர ஏபிசி ஐடி, டெப் ஐடி என்று இரண்டு எண் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஆதாரோடு இணைத்த செல்லுக்கு ஓடிபி வரும். அந்த செல் எங்கே இருக்கிறது? வழக்கில் போலீஸ் எடுத்து வைத்திருக்கும், இல்லையென்றால் ரீசார்ஜ் பண்ணாமல் சிம் செத்துப் போயிருக்கும். ஒரு பையனுக்கு இதனாலேயே ஒரு சேர்க்கைக் காலம் முழுசாகப் போனது. ஆகவே அவர் பெயரில் உள்ள சிம்மை எப்படியாவது உயிரோடு வைத்திருங்கள். போய்விட்டிருந்தால் ஆதாரில் நம்பர் மாற்ற அவர் கைரேகை வேண்டும், அதாவது சிறைக்குள் ஆதார் முகாம் போடுகிறவரை காத்திருக்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்கிற யோசனை: ஒரு நோட்டு போடுங்கள். நம் பக்கத்தில் பர்மா போன செட்டியார் வீட்டில் கூடப் பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் எழுதினார்கள், நமக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு எழுத முடியாதா? பதிவு எண், சேர்ந்த தேதி, பாடங்களின் குறியீடு, எந்த அசைன்மென்ட் என்றைக்குக் கொடுத்தது, யார் வாங்கினார், எந்தப் பேப்பர் பாஸ், எது பாக்கி. உள்ளே இருக்கிறவருக்கு எந்த இணையதளத்தையும் திறந்து பார்க்க வழி இல்லை, போனில் கூப்பிட்டு விசாரிக்கவும் முடியாது. படிக்கிற வேலை அவருடையது, துரத்துகிற வேலை உங்களுடையது. பாதியில் நின்றுபோன படிப்புகளில் முக்கால்வாசி, அவர் படிக்காததால் நிற்கவில்லை, துரத்த ஆள் இல்லாததால்தான் நின்றது. கடையில் உட்கார்ந்து பார்த்தவரை எனக்குத் தெரிந்தது இதுதான்.

உள்ளே படிக்க நேரம் கிடைக்குமா?

தண்டனைக் கைதிக்குப் பகலில் வேலை உண்டு. சாயங்காலம் லாக்கப் ஆனபின் இரவு நீளம்தான், ஆனால் அமைதி இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு ஹாலில் பல பேர், டிவி, பேச்சு, யாராவது ஒருத்தர் அழுவார். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் சான்றிதழ்ப் படிப்புக்கு 480 மணி நேரம், தினம் மூன்று மணி என்றால் 160 நாள். அந்த மூன்று மணி நேரத்தை அவர் அந்தக் கூட்டத்திலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும். அதனால் மனு பார்க்கப் போகிறபோது "படிச்சியா, படிச்சியா" என்று அரிக்காதீர்கள்.

பாடப் புத்தகம் உள்ளே எப்படிப் போகும்?

விண்ணப்பத்தில் முகவரியைச் சிறை மையத்துக்கே போட்டால் தபாலில் அங்கேயே போகும். வீட்டு முகவரி போட்டுவிட்டு அப்புறம் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்பார்கள். புத்தகம் தாமதமானால் இக்னோவின் பாடங்கள் எல்லாம் ஈஞானகோஷ் என்ற அவர்களுடைய தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன; பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம். என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, எந்தக் கடையிலும் எடுங்கள். ஆனால் ஸ்பைரல் பைண்டிங் மட்டும் போடாதீர்கள். கம்பி என்றாலே நிறுத்திவிடுவார்கள், ஸ்டேப்ளர் பின்கூட வேண்டாம், நூல் போட்டுத் தைத்துவிடுங்கள். பக்கத்துக்கு நடுவில் கடிதம், போட்டோ, காசு எதையும் வைக்காதீர்கள். பாசத்தில் ஒரு அக்கா வைத்து, மொத்தப் புத்தகமும் திரும்பி வந்தது.

அசைன்மென்ட் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியது. இக்னோவில் வழக்கமாக அதற்கு 30 சதவீத மார்க், பரீட்சைக்கு 70. பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். கடைசித் தேதியை நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

பாதியில் ஜாமீன் கிடைத்தால்? வேறு சிறைக்கு மாற்றினால்?

பதிவு எண் மாறாது, அதுதான் முக்கியம். மையத்தை மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தால் போதும். வெளியே வந்தபின் மிச்ச வருஷத்துக்குக் கட்டணம் கட்டச் சொல்லலாம், அதற்குத் தயாராக இருங்கள். மூன்று வருஷ டிகிரியை முடிக்க இக்னோ 6 வருஷம்வரை நேரம் தருகிறது, அவசரப்பட வேண்டாம்.

நன்னடத்தை உள்ளவர்களைக் காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பு திறந்தவெளிச் சிறைக்கு அனுப்புவார்கள். அங்கே விவசாய வேலை, காற்றோட்டம், வீட்டுக்கும் பக்கம். எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் கிளம்பும் முன் பரீட்சையை எங்கே எழுதுவது என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இடமாற்றத்தில் ஆள் ஒரு பக்கமும் அசைன்மென்ட் ஒரு பக்கமுமாகப் போவது வாடிக்கை.

டிகிரி முடித்தால் தண்டனை குறையுமா?

இத்தனை பேப்பருக்கு இத்தனை நாள் என்று இங்கே நேர்க்கணக்கு எதுவும் இல்லை. பிரேசிலில் இருக்கிறது: 2011இல் வந்த சட்டப்படி 12 மணி நேரம் படித்தால் ஒரு நாள் கழியும். நம்மிடம் தண்டனைக் குறைப்பு பெரும்பாலும் வேலை, நடத்தை இவற்றைப் பார்த்துத் தருவது. முன்விடுதலையைப் பரிசீலிக்கிறபோது அவர் படித்தது ஃபைலில் நல்ல பெயராகச் சேரும். அதற்காக மட்டும் படிக்கச் சொன்னால் முதல் நிராகரிப்பு வந்த அன்றே புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

சான்றிதழில் "சிறை" என்று போட்டிருக்குமா?

இருக்காது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே பட்டம்.

வெளியே வந்தால் இதை வைத்து வேலை கிடைக்குமா?

அரசு வேலை கஷ்டம், குற்றத்தின் தன்மையைப் பொறுத்தது. விடுதலையாகி, வழக்கு முடிந்தவர்களும்கூட விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. தனியார் வேலையில் முதலாளியின் மனசுதான். எங்களிடம் வந்தவர்களில் ஒருவர் உள்ளே பி.காம். முடித்துவிட்டு வந்து இப்போது ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். முதலாளிக்கு எல்லாம் தெரியும். அந்த வேலை டிகிரிக்காகக் கிடைத்ததா, அவருடைய மாமா பேசியதால் கிடைத்ததா என்றால், இரண்டும்தான். மாமா பேச டிகிரி ஒரு சாக்காக இருந்தது.

கொலை செய்தவனுக்கு இலவசப் படிப்பு, என் மகன் மட்டும் கடன் வாங்கிப் படிக்கணுமா?

கடையில் ஒருத்தர் சத்தமாகவே கேட்டார். பக்கத்தில் ஒரு அம்மா ஃபாரத்தோடு நின்றிருந்தார். அந்தக் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், கல்விக் கடன் கட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும். இதே வாதத்தை வைத்துத்தான் அமெரிக்காவில் 1994இல் கைதிகளுக்கான பெல் என்கிற அரசுக் கல்வி உதவித்தொகையை நிறுத்தினார்கள். சிறைக்குள் நடந்துகொண்டிருந்த கல்லூரிப் படிப்புகள் மளமளவென்று மூடின. அப்புறம் 2015இல் சோதனையாகத் திரும்பத் தொடங்கி, 2023 ஜூலையில் முழுசாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அதே 2015இல் நியூயார்க் சிறை ஒன்றில் பார்டு கல்லூரி நடத்துகிற படிப்பில் இருந்த கைதிகள், பட்டிமன்றத்தில் ஹார்வர்டு மாணவர்களைத் தோற்கடித்தார்கள்.

ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? கணக்குப் பார்த்ததும் ஒரு காரணம். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையில், உள்ளே படித்தவர்கள் மறுபடி குற்றத்தில் விழும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று வந்தது. இந்த 43ஐ எல்லோரும் எடுத்து விடுகிறார்கள், ஆனால் அது நூற்றுக்கு 43 பேர் திருந்தினார்கள் என்று அர்த்தம் இல்லை. தலை எண்ணினால் நூற்றுக்குச் சுமார் 13 பேர் குறைவு, அவ்வளவுதான். படிக்க வருகிறவன் ஏற்கெனவே கொஞ்சம் திருந்த நினைப்பவன் என்பதும் அதில் கலந்திருக்கும். இருந்தாலும் 13 பேர் குறைவு என்றால் 13 வீட்டில் திருட்டோ வெட்டோ நடக்கவில்லை. தண்டனை முடிந்து அவர் வரப்போவது நம் தெருவுக்குத்தான்.

உங்கள் மகன் கடன் வாங்கக் கூடாது என்றால் அதற்குத் தனியாகச் சண்டை போடுவோம், நானும் வருகிறேன்.

ஊரில் தெரிந்தால் அசிங்கம். கடையில் யாரிடமும் சொல்லிவிட மாட்டீர்களே?

மாட்டேன். சாயங்காலம் ஏழரைக்கு மேல் வாருங்கள், கூட்டம் இருக்காது. 1942 ஆகஸ்டில் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை அடைத்து வைத்திருந்த திருவாடானைச் சிறையை ஜனங்கள் திரண்டு போய் உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள், அந்தக் கதையை இன்றும் தேவகோட்டைப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். அது வேறு, இது வேறு, எனக்கும் தெரியும். ஆனால் ஒருத்தர் உள்ளே போனதற்கு அவருடைய அம்மா என்ன தப்பு செய்தார், முக்காட்டைப் போட்டுக்கொண்டு வருவதற்கு?

பெண்களுக்கும் உண்டா? சின்ன வயசுப் பையன்களுக்கு?

பெண்களுக்கான தனிச் சிறைகளிலும் இதே வழிதான். 18லிருந்து 21 வயதுப் பையன்களுக்குப் புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி என்ற சீர்திருத்தச் சிறை இருக்கிறது. 18க்குக் கீழ் என்றால் அது சிறையே இல்லை, இளைஞர் நீதிச் சட்டம். அந்த வயதில் நடந்ததைக் காட்டிப் பின்னால் தகுதி இல்லை என்று பெரும்பாலும் சொல்ல முடியாது என அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், காவலில் இருக்கிற யாருக்கும் இலவச வக்கீல் உண்டு.

எங்கள் வீட்டில் பழைய புத்தகம் நிறைய இருக்கிறது, சிறை நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே "கூண்டுக்குள் வானம்" என்று ஸ்டால் போட்டு ஜனங்களிடம் புத்தகத்தைத் தானமாக வாங்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு நூலகத்தையே சேர்த்து வைத்த மண் இது, கொடுக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பெரிய வீட்டைக் காலி பண்ணுகிறபோது பெட்டகத்தில் கிடந்த கரையான் அரித்த பக்திப் புத்தகத்தை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். அங்கே பஞ்சமாக இருப்பது பிளஸ் டூ கணக்குப்பதிவியல், பொருளாதாரம், ஆங்கில இலக்கணம், தமிழ்-ஆங்கில அகராதி, அப்புறம் பத்தாவது கணக்குக்கு நோட்ஸ். உங்கள் பிள்ளை பரீட்சை எழுதி முடித்த அன்றே எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். பென்சில் அடையாளம் இருந்தால் அழிக்க வேண்டாம், எது முக்கியம் என்று காட்டிக்கொடுக்கும். கடையில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன், அதில் போட்டுவிட்டுப் போகலாம்.